தூசி கழுவிய காலை

கொட்டாஞ்சேனையில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து அரைக்கும் கொட்டிலொன்றில் என் மனைவியின் தங்கை வேலை செய்கிறாள். ஞாயிறு பூசை முடிந்து வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தாளென்றால், அவள் மாடிப்படி ஏறுவதை இருமல்தான் எங்களுக்கு முதலில் அறிவிக்கும். தூசிக்குள் நிற்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வேறு வேலை தேடும் வயதில்லை. அரைக்கும் மெசினுக்கு மேலே தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி ஒன்று பூட்டினால் போதும். முதலாளியோ, "காத்து நல்லாத்தானே இருக்கு" என்கிறார்.

தொழிலிடங்களைப் பரிசோதிக்கும் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் தூங்கும், அதை எப்படி எழுப்புவது என்றெல்லாம் தெரியும். எழுப்பினேன். என்னிடம் வேலை பழகிய அதிகாரி ஒருவர் காற்றை அளக்கும் கருவியோடு வருவதாக முறைப்படி முன்கூட்டியே அறிவித்தார்.

அன்று நானும் அவரோடு போனேன். கொட்டில் கலியாண வீடு மாதிரி இருந்தது. கழுவிய தரை இன்னும் காயவில்லை. தூசி படிந்த சாக்குகளைக் காணோம். முதலாளியின் தந்திரம் என்று நினைத்தேன். அவர் இன்னும் வந்தே சேரவில்லை.

"ஆர் இதெல்லாம் செய்தது?" என்று மைத்துனியிடம் கேட்டேன்.

"நாங்கதான் அத்தான். விடியவே எல்லாரும் வந்து கழுவினம். நீங்க கூட்டிக்கொண்டு வாற ஆளைக் குப்பைக்குள்ளயா இருத்துறது?"

மெசினைப் போடச் சொன்னேன்.

"பொறுங்கோ, அந்த மனுசன் முதல்ல தேத்தண்ணி குடிக்கட்டும். கோப்பைக்குள்ள தூசி விழும்" என்று இன்னொருத்தி அதட்டினாள்.

கட்லட்டும் வந்தது. பிறகு மெசின் ஓடியது. அதற்குள் போட்டதோ கழுவி ஈரம் சொட்டிய பிளாஸ்டிக், அதுவும் மரியாதைக்குத்தான். தூசி எழாததால் கருவி நல்ல அளவையே காட்டியது.

"சேர், உங்கட வெள்ளவத்தைக் காலி வீதியை விட இங்க காத்து நல்லம்" என்று அதிகாரி சிரித்தார். அப்போதுதான் வந்த முதலாளியும் சேர்ந்து சிரித்தார். இது வழமையான வேலைநாள் அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இந்தப் பெண்கள் ஏமாற்றியதாகிவிடும். யோசிப்பதற்குள் கட்லட் தட்டு என் பக்கம் நீண்டது. விசிறி தேவையில்லை என்று முடிவாயிற்று.

பஸ் தரிப்புவரை மைத்துனி கூடவே வந்தாள். கோபப்பட நினைத்தேன், யார்மேல் என்று தெரியவில்லை. பொய் சொன்னவர் எவருமில்லை. கருவிகூட உண்மையைத்தான் சொன்னது.

"அத்தான், இண்டைக்கு நெஞ்சு லேசா இருக்கு" என்றாள். "அவரை ஒவ்வொரு நாளும் வரச் சொல்லேலாதா?"

மறுபரிசோதனை கேட்கும் முறை எனக்குத் தெரியும். இதற்கு எந்த மேசையை எழுப்புவது? யோசித்துக்கொண்டு நின்றேன். என் பஸ் வந்து, நின்று, போய்விட்டது.