பூட்டைப் பிடித்த இழை

எங்கள் தெருவில் புடவை நெய்யும் ஓர் அக்காவின் தறிமேல் இருக்கும் கணினிக்கு நிரல் எழுதியவன் நான். யாரும் சொல்லித் தராமல் தட்டித் தடவிக் கற்ற வேலை. புடவையில் எத்தனையாவது வரி ஓடுகிறது என்று திரை காட்டும். கரண்ட் போனால் பேட்டரிப் பெட்டி ஒரு சிக்னல் அனுப்பும். நிரல் அந்த வரி எண்ணை எழுதி வைத்துவிட்டு அடங்க வேண்டும்.

போன வாரம் அடங்கவில்லை. திரை உறைந்தது, பேட்டரி தீர்ந்தது, எண் போயிற்று. அக்கா குத்துமதிப்பாகத் தொடர்ந்ததில் முந்தானை மயிலுக்குக் கழுத்து ஒடிந்தது. இன்னொன்று இப்படி வந்தால் தறியையே கழற்றிக்கொண்டு போவதாக முதலாளி சொல்லிவிட்டார். இப்போது தறியில் இருந்தது கல்யாணப் புடவை. வெளியே இடி.

தப்பு என் பழக்கத்தில்தான். எங்கள் ஆரணித் தெருவில் வாசலில் யார் கூப்பிட்டாலும், கிட்டே இருப்பவர் “இன்னா?” என்று எட்டிப் பார்ப்பார். நிரலிலும் அப்படியே, சிக்னலை எந்தப் பகுதி கேட்டாலும் சரி என்று விட்டிருந்தேன். திரையில் படம் வரையும் டிரைவர் என்ற துணை நிரலோ, என் நிரலுக்குள் தனக்கென்று சில த்ரெட்களை, அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியே ஓடும் வேலைகளை, ஓட்டுகிறது. நான் அவற்றை இழை என்றே சொல்வேன். சிக்னல் அதில் ஒன்றின் காதில் விழுந்தது. ஒரு நேரத்தில் ஒரே இழைதான் வரையலாம் என்று திரைக்குப் போட்ட பூட்டைப் பிடித்துப் பாதி வரைந்துகொண்டிருந்த அந்த இழை, என் வேலையையும் செய்யப் போய், “கரண்ட் போச்சு” என்று திரையில் காட்ட அதே பூட்டைக் கேட்டது. தனக்காகத் தானே காத்துக் கிடந்தது.

நிரலைத் திருத்தி, டிரைவரை எழுப்பும் முன்பே சிக்னலை அடைத்தேன். இனி அதன் இழைகள் காது அடைத்தே பிறக்கும். கேட்பதற்கென்று தனியாக ஓர் இழை வைத்தேன்.

“இன்னா சாரு, ஆச்சா?”

“ஆச்சுக்கா. ஒரு தபா கரண்ட்ட நிறுத்திப் பாத்துட்டு அப்புறம் நெய்யலாமே. பயமா கீது.”

“நீ பயந்துகினே இரு. நாளைக்குப் பொடவைய எறக்கணும்.”

உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்துவிட்டார். நான் வரி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், மனப்பாடம் செய்வதுபோல. அதற்குள் அது நான்கு தாண்டிவிட்டது.

தெருவே இருண்டது. பெட்டி கூவியது. திரையில் “எண் எழுதியாச்சு” என்று ஒரு கணம் வந்து, தானாக அணைந்தது.

“எழுதுச்சா, இல்ல எழுதிட்டேன்னு சொல்லுச்சா?” என்றார் அக்கா.

“கரண்ட் வந்தாதான்கா தெரியும்.”

முக்கால் மணி நேரம் இருவரும் எழுந்திருக்கவில்லை. கரண்ட் வந்ததும் திரையில் எண் வந்தது. அக்கா அதை நம்பவில்லை. துணியில் விரல் வைத்து மயிலின் மூக்குவரை வரிகளை எண்ணினார், மறுபடியும் எண்ணினார். பிறகுதான் அவர் கால் தறியின் மிதியில் பட்டது.