வற்றுப்பெருக்குக் கேள்வி

நபீஸா விஞ்ஞானப் பாடத்தில் மூன்று தரம் கோட்டை விட்டவள். கல்முனைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் எட்டு வருடமாகத் தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால் வேலை உண்டு, நியமனம் இல்லை என்று அர்த்தம். நியமனம் வேண்டுமென்றால் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் சித்தியடைந்திருக்க வேண்டும், விண்ணப்பிக்கும்போது முப்பத்தைந்து வயதும் தாண்டியிருக்கக் கூடாது. அவளுக்கு முப்பத்துநாலு நடந்துகொண்டிருந்தது. 2005 மார்கழிப் பரீட்சைதான் கடைசி வண்டி.

மூன்றாம் தரம் எழுதியது அதற்கு முந்திய மார்கழியில். பரீட்சை முடிந்த கையோடு கடல் வந்தது. வீட்டைக் கொண்டுபோனது, தையல் மெசினைக் கொண்டுபோனது, கொப்பி புத்தகமெல்லாம் கொண்டுபோனது. பெறுபேற்றை மட்டும் விட்டுவைத்தது. அது பிறகு தகரக் கொட்டிலின் விலாசத்தைத் தேடிப்பிடித்து வந்து சேர்ந்தது: சித்தியில்லை.

அந்தத் தரமும் இந்தத் தரமும் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் ஸஜாத். பக்கத்து வீட்டு சல்மா உம்மாவின் மகன், விஞ்ஞான ஆசிரியன், வயது இருபத்தாறு. மூக்கு வழியத் திரிந்த காலம் தொட்டு நபீஸாவுக்கு அவனைத் தெரியும். ஆகவே ‘தம்பி’ என்று தொடங்கி, கொப்பியை விரித்ததும் ‘சேர்’ என்று முடிப்பாள். அவனுக்கு அவள் அக்கா முறையில் ‘ராத்தா’. கடல் வந்த அன்று அவன் ஒலுவிலில் கூட்டாளிகளோடு நின்றான். சல்மா உம்மா வீட்டில் தனியே. மூன்றாம் நாள்தான் ஜனாஸா கிடைத்தது.

அடக்கிவிட்டு வந்தவன் தப்பியவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுத் திரிந்தான். “உம்மா ஏன் ஓடல்ல?” கால் நல்ல கால், கண் நல்ல கண். “அல்லாஹ்ட நாட்டம், மகன்” என்றார்கள் எல்லாரும். நபீஸாவும் அதைத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் குனிந்து அரிசி பொறுக்கினாள்.

ஊர் வாயை உலைமூடி கொண்டு மூட முடியாது. நபீஸாவின் புருஷனோ கத்தாரில். அதனால் அஸர் தொழுகைக்குப் பிறகு ஸஜாத்தின் கொட்டிலுக்குப் படிக்கப் போகும்போது மகள் ஹிமாயாவைக் கூட்டிக்கொண்டு போவாள். ஹிமாயாவுக்குப் பன்னிரண்டு வயது. இருவருக்கும் நடுவில் வேலி மாதிரி உட்கார்ந்து, மாங்காய் தின்பாள்.

இந்த முறை படிப்பு ஏறத்தான் செய்தது. வயலுக்குப் போட்ட யூரியா வடிச்சலோடு குளத்தில் இறங்கினால் பாசி பிடித்து மீன் சாகும் என்பதை நபீஸா பாடமாக்கவே தேவையில்லை. வாப்பாவின் வயலுக்குப் பக்கத்துக் குளம் அப்படித்தான் செத்தது. உணவுச் சங்கிலி, கண்டல் தாவரம், மண்ணரிப்பு, எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் மாதிரிப் பரீட்சையில் முப்பத்துமூன்று. அடுத்ததிலும் அதே முப்பத்துமூன்று. சித்திக்கு முப்பத்தைந்து வேண்டும்.

ஸஜாத் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

“ராத்தா, ரெண்டுலயும் ஒரே கேள்வியத்தான் வெறுமன உட்டிரிக்கீங்க. கடல் ஏறுற பெருக்குக்கும் எறங்குற வற்றுக்கும் இடையில எவ்வளவு நேரம்? ரெண்டு புள்ளி. போன வருசம் இத மொதல்ல சொன்னதே நீங்கதான்.”

“மறந்து பெயித்து சேர்.”

“நான் பத்துத் தரம் சொல்லித் தந்தேனே.”

“ஓம். மண்டையில நிக்குதில்ல.”

ஹிமாயா மாங்காய்க் கொட்டையைச் சூப்பிக்கொண்டே நிமிர்ந்தாள். “உம்மாக்குத் தெரியும் சேர். ஆறு மணித்தியாலம். அண்டைக்கு சல்மா உம்மாக்கும் சொன்னாவே.”

நபீஸா மகளின் வாயைப் பொத்தவில்லை. பொத்தியும் பயனில்லை. பதினொரு மாதமாக விழுங்கி வைத்திருந்தது அது.

“சொல்லுங்க ராத்தா” என்றான் ஸஜாத்.

சொன்னாள். முதலில் ஒரு சின்னத் தண்ணீர் வளவுக்குள் வந்து கால் நனைத்துவிட்டுப் போயிற்று. பிறகு கடல் என்றுமில்லாத தூரத்துக்கு உள்வாங்கியது. சல்மா உம்மா வேலியால் எட்டிக் கேட்டார்: “புள்ள, நீ படிச்சவள். என்ன இது?” பரீட்சை எழுதிய சூடு நபீஸாவுக்கு ஆறவில்லை. “பெருக்கு வந்திச்சு, இப்ப வற்று. கிறுகி வர ஆறு மணித்தியாலம் செல்லும். நீங்க வேலயப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, பாண் வாங்க ஹிமாயாவோடு கடலுக்குத் தள்ளி இருந்த பெரிய ரோட்டுக்குப் போனாள். சல்மா உம்மா நனைந்த பாயைக் கழுவ உட்கார்ந்தார்.

“நான் சொன்னதக் கேட்டுத்தான் உம்மா இருந்தா” என்றாள் நபீஸா. “எழுதப் போனா கை வருகுதில்ல, தம்பி.”

‘சேர்’ வரவில்லை. அழுகைதான் வந்தது.

ஸஜாத் சிவப்புப் பேனையை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான்.

“நீங்க சொன்னது உம்மாக்கு. ஒங்களுக்குச் சொல்லித் தந்தது நான்” என்றான் கடைசியில். “பாடத்தில பிழையில்ல. அண்டைக்கு வந்தது அந்தப் பாடமில்ல. அத நான் சொல்லித் தரல்ல. எனக்கும் தெரியாது.”

பிறகு, “நாளைக்கும் வாங்க” என்றான்.

அந்த மார்கழிப் பரீட்சையிலும் கேள்வி வந்தது. எப்படி வராமல் இருக்கும்? அன்று பின்னேரம் நபீஸா வினாத்தாளோடு வந்தாள். எழுதியதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஸஜாத் வினாத்தாளிலேயே சரி பிழை போட்டுக்கொண்டு போனான். அந்தக் கேள்வி வந்தது.

“ஆறு மணித்தியாலம் எண்டு எழுதின” என்றாள்.

சரி போட்டான்.

“கீழ ஒரு வரி மிச்சம் கிடந்திச்சு. அதுலயும் எழுதின.”

“என்ன?”

“கடல் வழமைக்கு மாறா உள்வாங்கினா கணக்குப் பாக்காம, பக்கத்து வீட்டாக்களையும் கூட்டிக்கொண்டு ஓடணும் எண்டு.”

கேட்ட கேள்வி நேரத்தைப் பற்றியது. இந்த வரிக்கு யாரும் புள்ளி போடப் போவதில்லை, போட்ட புள்ளியைக் குறைக்கவும் போவதில்லை. திருத்துகிற ஆள் கோடு கீறி விட்டுவிடுவார். இது ஸஜாத்துக்கும் தெரியும், நபீஸாவுக்கும் தெரியும்.

நபீஸா சாதாரண சித்தி அடைந்தாள். நியமனக் கடிதம் யுத்தம் முடிந்த 2009இல்தான் வந்தது. அரசாங்கக் கடிதத்துக்கு ஆறு மணித்தியாலக் கணக்கெல்லாம் கிடையாது. கடிதத்தை வைக்க ஹிமாயா கடதாசிக் கோப்பொன்றை எடுத்தாள். உள்ளே அந்தப் பழைய வினாத்தாள் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பில் இரண்டு சரி.