கரண்ட் அணைத்த வேலி

தாராவியிலிருந்து மகளோடு லீவுக்கு ஊருக்குப் போனபோது, காட்டுப்பன்றிக்குப் பயந்து தம்பி வயலைச் சுற்றி மின்கம்பி கட்டியிருந்தான்.

"பிள்ளை நேரங்காலம் பாக்காம ஓடி விளையாடுவா, ராத்திரியும் கரண்ட்டை அணைச்சிருடா."

"நாளைக்கு அறுப்பு மிஷின் வந்துரும்ணே. அதுவரை அவளை வீட்டுல வச்சுக்கிடுங்களேன்."

நான் விடவில்லை. அணைத்தான்.

காலையில் பாதி நெல் சேற்றோடு கிடந்தது. சாய்ந்த பயிரை அறுக்க நேரமாகும், வாடகையும் மணிக்கணக்குதான் என்றார் மிஷின்காரர். என் மகள் அந்தக் கம்பியைப் பிடித்தபடி, "கிஸ்னே கியா சித்தப்பா, யாரு இப்படிப் பண்ணா?" என்றாள்.

"பன்னிதாம்மா," என்றான் தம்பி, என்னைப் பார்க்காமல்.

தாராவிக்குத் திரும்பியும் அவனுக்குப் போன் செய்யவில்லை. கம்பியில் இருந்த அவள் கையை நினைத்தால், மறுபடியும் அணைக்கத்தான் சொல்வேன். பிறகு எப்படி மன்னிப்புக் கேட்பது?