அம்மை சொன்ன தீட்டு

"பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்லுகிறவர்கள் எங்கள் அம்மையைப் பார்த்ததில்லை.

தூத்துக்குடியில் புது ஹார்பர் வந்த எழுபதுகளில் நாங்கள் முத்தையாபுரத்தில் இருந்தோம். அப்பா ஹார்பருக்கு லாரி ஓட்டினார். லோடு கிடைத்த நாளில் குடித்துவிட்டு அடிப்பார். கிடைக்காத நாளில் குடிக்க வழியில்லையே என்று அடிப்பார். அடி அம்மைக்குத்தான். நான் ஓடிப்போய் நடுவில் விழுவேன், பாதி என் முதுகுக்கு வரும். பெல்ட் கொக்கி கிழித்த தழும்பு தோளுக்குக் கீழே இன்னும் கிடக்கிறது. ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது, முதுகை இறக்கி வெட்டிவிடாதீர்கள் என்று இன்றைக்கும் டெய்லரிடம் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு வருஷம் சாத்தான்குளம் பக்கமிருந்து வில்லுப்பாட்டுக் குழு வந்தது. நடுவில் உட்கார்ந்து பாடியது ஒரு பொம்பளை. மணி கட்டிய அந்தப் பெரிய வில்லை அவள் கோலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள், பாருங்கள், சலம்பிக்கொண்டிருந்த ஆம்பிளைகள் எல்லாரும் கப்சிப். எங்கள் அப்பா உட்பட. அடேயப்பா, அவரை வாயடைக்கவும் ஒரு வழி இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாட்டு எனக்கு நன்றாக வரும். அந்த அக்காவிடம் போய் நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வீட்டுல விட்டா வாளா" என்றாள்.

அதற்கடுத்த மாதம், அப்பா லாரியை எடுத்துக்கொண்டு போன ஒரு காலையில், துணியை மஞ்சள் பையில் திணித்தேன். பதினாறு வயசு. அம்மை பார்த்துக்கொண்டே நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கதவுத் தாழ்ப்பாளை அவளே எடுத்துவிட்டாள்.

"போளா. போயி நீயாவது பொழச்சுக்க."

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பஸ் ஏறினேன்.

குழுவில் முதலில் 'ஆமா' போடுகிற வேலை. அக்கா கதை சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து 'ஆமா, ஆமா' என்று எடுத்துக் கொடுக்க வேண்டும். பிறகு பின்பாட்டு. பிறகு சின்னக் கோயில்களில் நடுவில் உட்காரவும் விட்டாள். சரிகைப் புடவை, கண்ணுக்கு மை, கில்ட்டு நகை. வீட்டில் வைத்த பெயரை விட்டுவிட்டு மேடைக்கென்று புதிதாக ஒன்று வைத்துக்கொண்டேன். நோட்டீஸில் அந்தப் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்தைப் போடச் சொல்லவில்லை. அம்மை பெயரின் முதல் எழுத்தைப் போடச் சொன்னேன். அச்சாபீஸ்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

அப்புறம் ஒரு சித்திரையில் எங்கள் தெருக் கொடைக்கே எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள். மதியக் கொடைக்கு நீயே பாடு என்று அக்கா சொல்லிவிட்டாள். கூட்டத்தில் அப்பா நிற்பார். நான் வில்லைத் தட்ட வேண்டும், அவர் வாயை மூட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்று காலையில், நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு அம்மை வந்தாள். தூக்குவாளியில் புட்டு கொண்டுவந்திருந்தாள். என்னை முன்னால் உட்கார வைத்துத் தலை பின்னிவிட்டு, பிச்சிப்பூ வைத்தாள்.

"ஏளா, தலைக்கு ஊத்தி எம்புட்டு நாளாச்சு? கொடை நேரம் பாத்து வந்துரப் போவுது."

"நாள் நெருங்கிட்டும்மா. ஆனா இன்னைக்கு வராது. கொடை முடிஞ்சிரும்."

எந்தப் பிள்ளையும் பெற்றவளிடம் சொல்லுகிற பதில்தானே? அம்மை வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

கொடைக்குப் பந்தல்கால் நாட்டிவிட்டால் விலக்கான பெண் கோயில் பந்தலை மிதிக்கக் கூடாது. வில்லைத் தொட்டாலோ கொடையே கெட்டது, ஊருக்கே ஆகாது என்பார்கள். நான் புடவை கட்டி முடித்த நேரம் கோயில் பெரியவர் ஒருவர் வந்து வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார்.

"இந்தப் பிள்ள வேண்டாம் தாயி. நீங்களே பாடிருங்க."

"என்ன அண்ணாச்சி, திடீர்னு?"

"வீட்டுக்குத் தூரமாம்லா."

"யாரு சொன்னா?" என்று நான் கத்தினேன்.

"ஒங்கம்மதான். பொங்கல் வைக்க வந்த பொம்பளையள்ட்ட சொல்லிட்டுப் போறா. பெத்தவ பொய்யா சொல்லுவா?"

சத்தியம் செய்தேன். அழுதேன். அக்கா நம்பினாள். அவள் நம்பி என்ன, ஊர் நம்ப வேண்டுமே! திருட்டுப் பழி என்றால் பையைக் கொட்டிக் காட்டலாம். இதற்கு எதைக் காட்டுவது? அக்கா என் தலையை ஒரு தடவை தடவிவிட்டு, கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த அம்மன் பிறப்புக் கதை ஒலிபெருக்கியில் அக்கா குரலில் வந்தது. பொம்பளைகளின் குலவைச் சத்தம் கேட்டது. அதற்கு மேல் உட்கார முடியவில்லை. அதே சரிகைப் புடவையோடு வீட்டுக்கு நடந்தேன்.

அம்மை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, அப்பா சொல்லச் சொன்னாரா?"

ஆமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். சொல்லவில்லை.

"அவரு ஒண்ணுஞ் சொல்லல. நாந்தான் சொன்னேன்."

"ஏம்மா?"

"நீ சொந்த ஊருலயே பேரு வாங்கிட்டேன்னா பொறவு இங்க எதுக்கு வரப்போற? பாட வுடலைன்னா வெறுத்துப்போயாவது வீட்டுக்கு வந்துருவேன்னு நெனச்சேன்."

"வான்னு கூப்ட்டிருக்கலாம்லா. நீதானம்மா போன்னு கதவத் தெறந்த?"

"நாலு நாள்ல வந்துருவேன்னுல்லா தெறந்தேன்." துருவலை நிறுத்திவிட்டு முந்தானையை விலக்கி முதுகைத் திருப்பிக் காட்டினாள். பழைய தடத்தின் மேலேயே புதுத் தடம் கிடந்தது. "நீ இருக்கையில எனக்குப் பாதிதாம்ளா விழுந்துச்சு."

அவ்வளவு நேரம் வந்துகொண்டிருந்த அழுகை அந்த இடத்தில் நின்றுபோனது. பிச்சிப்பூவைத் தலையிலிருந்து பிய்த்து அடுப்பங்கரை மேடையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அம்மை "ஏளா, ஏளா" என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை.

அடுத்த கொடைக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கும்போது, பெயருக்கு முன்னால் என்ன எழுத்து என்று அச்சாபீஸ்காரர் கேட்டார். ஒன்றும் வேண்டாம், பெயரை மட்டும் போடுங்கள் என்றேன்.