கல் இல்லாத ஊரில் கற்காலக் குடும்பம்

1. கொடியில் காய்ந்த நாலு படம்

காரைக்காலில் நான் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டுடியோவில், இருட்டறை வாசலில் ஒரு கொடி கட்டியிருக்கும். கழுவிய பிரிண்டுகளை அதில் கிளிப் போட்டுக் காயவைப்பது என் வேலை. அன்றைக்கு ஒரு குடும்பப் படம். மடியிலிருந்த குழந்தை சும்மா இருக்காததால் நாலு முறை எடுக்க வேண்டியதாயிற்று. காய்ந்ததும் நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டேன். குழந்தை கையைத் தூக்கி அப்பாவின் மீசையைப் பிடித்தது.

மறுபடியும் விட்டேன். மறுபடியும் பிடித்தது.

நாலே படத்தில் இப்படி என்றால் நாலாயிரத்தில் என்ன ஆகும்? உயிருள்ள குழந்தைதான் வேண்டுமா, பொம்மை போதாதா?

பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய சமயம் அது. ஒரு அதிகாரி தன்னுடைய பதினாறு எம்.எம். சினிமா கேமராவையும் சின்ன புரொஜக்டரையும் எங்கள் முதலாளி காசிம் மரைக்காயரிடம் விட்டுப் போயிருந்தார். கூடவே பிரிக்காத இரண்டு பிலிம் ரோல். சாவி கொடுத்து ஓட்டும் கேமரா. பக்கத்தில் ஒரு சின்ன பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் ஒரே ஒரு படம் மட்டும் விழும். அது எதற்கென்று முதலாளிக்குத் தெரியாது. கொடியடியில் நின்றபோது எனக்குத் தெரிந்துவிட்டது.

கேமராவை வாங்கிக்கொள்ள நாகப்பட்டினத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் ஆள்மேல் ஆளாக அனுப்பிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் முதலாளி தாடியைத் தடவினார். பொம்மைக் கூத்துக்குப் பிலிம் தண்டமா என்று கேட்டார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

"ரெண்டு ரோல்தான் தம்பி. எடுத்துக் கொண்டாந்து டென்ட் கொட்டகையில போடு. ஜனம் சிரிச்சா கேமரா இங்கேயே இருக்கட்டும். சிரிக்கலையா, அது நாகப்பட்டினம் போவும். நீ பழையபடி கொடியில கிளிப்பு மாட்டு."

2. ஏன் கற்காலம்

நான் பிரெஞ்சுப் பள்ளியில் ப்ரெவே என்கிற பள்ளி இறுதிப் பரீட்சை வரை படித்தவன். சரித்திரப் புத்தகத்தின் முதல் படமே குகை மனிதர்கள்தான். தோல் உடுப்பு, தடி, நெருப்பு, கையில் கல். எனக்கு அது தோதாக இருந்தது. பொம்மைக்குச் சட்டை தைக்க வேண்டாம், வீட்டுக்குக் கதவு ஜன்னல் வேண்டாம். சௌகரியத்துக்காக எடுத்த முடிவு என்பதை ஒளிக்கவில்லை.

ஆனால் குகை கட்ட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நம் ஊரில் கல் ஏது? பூவத்திலிருந்து பட்டினச்சேரி வரை தோண்டினாலும் களிமண், மணல், தண்ணீர். கடைசியில் உடைந்த அம்மி ஒன்று குகையாயிற்று. ரயில் லைன் ஓரத்தில் பொறுக்கிய ஒரு ஜல்லிதான் படத்தில் கல்லாகவே வரும் ஒரே கல்.

அந்த ஜல்லியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தபோது கதையும் வந்தது. கற்காலக் குடும்பம் ஒன்று தெரியாத்தனமாகக் காவிரி முகத்துவாரத்தில் குடியேறிவிடுகிறது. அங்கே மொத்தத்துக்கும் ஒரே கல். அப்பாவுக்கு அது பன்றி அடிக்க வேண்டும். அம்மாவுக்கு அரைக்க வேண்டும். மகளுக்குத் தலைக்கு வைத்துத் தூங்க வேண்டும். இழுபறியில் கல் சேற்றில் விழுந்து முழுகிப்போகிறது. அவ்வளவுதான்.

3. அஞ்சலை அக்கா

பொம்மை செய்ய, கொலு பொம்மை வேலை தெரிந்த அஞ்சலை அக்காவைப் பிடித்தேன். பூவத்தில் வீடு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கை வேகம், வாய் அதைவிட வேகம். கதையைக் கேட்டுவிட்டு, "ஒரு கல்லுக்கா இம்புட்டு அடிதடி? எங்க வீட்டுலயும் இதே கதைதான்," என்றார்.

வெறும் களிமண் மூன்றாம் நாளே வெடித்துவிடும். அதனால் கம்பி எலும்பின்மேல் தேன்மெழுகு, விளக்கெண்ணெய், மண்பொடி மூன்றையும் பிசைந்து உடம்பு செய்தோம். வேண்டியபடி வளையும். தலையை மட்டும் அவர் சூளையில் சுட்டு, வர்ணம் தீட்டி, கழுத்துக் கம்பியில் செருகினார்.

நம் ஊரில் மதியம் பன்னிரண்டரைக்குக் கடை மூடினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரம் எங்களுடையது. அக்கா பொம்மையை ஒரு நூலளவு நகர்த்துவார், கையை எடுப்பார், நான் பொத்தானை இரண்டு தடவை அமுக்குவேன். கணக்குக்குக் கரும்பலகையில் ஒரு கோடு. ஒரு விநாடி ஓடப் பதினாறு படம் வேண்டும். ஒரு மதியத்துக்குப் பத்து விநாடி தேறினால் பெரிய காரியம். ஐந்நூறு வாட்ஸ் பல்பு இரண்டின் சூட்டில் மெழுகு இளகி, கற்கால அப்பாவின் தொப்பை மெல்ல இறங்கும். அக்கா அதைப் பிடித்து மேலே தள்ளி, "ஏறுய்யா மேல," என்பார்.

எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. மூன்று தலைக்கும் கண் மூடியே இருந்தது. இமையை வர்ணத்தில் எழுதியவர் விழியை எழுதவில்லை. கேட்டேன்.

"வேலை பாக்கி இருக்குற பொம்மைக்குக் கண்ணு தொறக்க மாட்டேன் தம்பி. எல்லா வேலையும் முடிஞ்சப்புறம், நல்ல நேரம் பாத்துதான் கண்ணு. எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான்."

"இதுங்களுக்கு வேலை முடிஞ்சா படமே முடிஞ்சுடும்க்கா."

"அப்ப படம் முடிஞ்சப்புறம் தொறக்குறேன்."

நான் வாதாடியிருக்க வேண்டும். அவசரக்காரன். பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்குக் கண்ணா தெரியப்போகிறது, கை கால் அசைந்தால் போதாதா என்று முதல் ரோல் முழுவதையும் அப்படியே எடுத்து முடித்தேன்.

4. எப்ப எந்திரிக்கும்?

கழுவ பம்பாய்க்கு அனுப்பிய ரோல் மூன்று வாரத்தில் திரும்பிவந்தது. ஸ்டுடியோ சுவரில் போட்டோம். பொம்மைகள் நடந்தன. அப்பா தடியை ஓங்கினார், அம்மா கல்லை இழுத்தாள். நான் நாற்காலியைவிட்டு எழுந்தே நின்றுவிட்டேன். அசைகிறது, நிஜமாகவே அசைகிறது.

முதலாளி சிரிக்கவில்லை. ரோல் ஓடி முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இதுங்க எப்ப எந்திரிக்கும்?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். குடும்பமே தூக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. சண்டையும் தூக்கத்தில். ஒருவருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கல் நடுவில் கிடந்தது, அவ்வளவுதான்.

மீதி ஒரே ஒரு ரோல். மறுநாள் அக்கா வருவதற்குள் ரீடச்சிங் பிரஷை எடுத்து, அப்பா தலையில் நானே இரண்டு விழி வைத்தேன். நெகட்டிவில் எத்தனை பேர் முகத்துத் தழும்பை மறைத்தவன் நான், இரண்டு கறுப்புப் புள்ளி வைக்கத் தெரியாதா? வைத்துவிட்டுப் பார்த்தால் ஆள் பேய் கண்ட மாதிரி முழித்தார்.

அக்கா வந்தார். பார்த்தார். அந்தத் தலையைக் கழற்றி, முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கிப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நாகப்பட்டினத்து ஆள் மட்டும் வந்து, கேமராவைத் தூக்கிப் பார்த்து, கனம் பார்த்துவிட்டுப் போனார்.

5. பூவத்துக்குச் சைக்கிள்

மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்தேன். போகும் வழியெல்லாம் மன்னிப்பு வாசகம் தயார் செய்தேன். அக்கா சூளைப் பக்கம் மண் மிதித்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அந்தத் தலையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது எங்க பாக்குது, சொல்லு."

நேராகப் பார்க்கிறது என்றேன்.

"நேரா பாக்குற கண்ணு சாமிக்கு. பொண்டாட்டிகிட்டேருந்து கல்லைப் புடுங்கப் பாக்குறவன் நேரா பாப்பானா?"

நாலு பிரிண்டில் அசைவைக் கண்டுபிடித்தவனுக்கு, மீசையைப் பிடிக்குமுன் அந்தக் குழந்தை எங்கே பார்த்தது என்று கவனிக்கத் தோன்றவில்லை.

நேராகப் பார்க்க ஒரு தலை, கல்லைப் பார்க்க ஒரு தலை என்று மனம் ஓடியது. அப்போது இன்னொன்று உறைத்தது. தலைகள் கம்பியில் செருகியவைதானே, வேண்டும்போது மாற்றிச் செருகலாமே?

"அக்கா, ஒரு தலைக்கு ஒரே வேலைன்னு வச்சுக்குவோம். கல்லைப் பாக்குற தலை கல்லை மட்டும்தான் பாக்கும். சுட்டு, தீட்டிட்டா அதுக்கு வேற வேலை பாக்கி இல்லை. அதுக்குக் கண்ணு தொறக்கலாம்ல?"

அவர் மண் மிதிப்பதை நிறுத்தினார். பிறகு, ஆளுக்கு எத்தனை தலை என்று கேட்டார். நாலு என்றேன். தூங்க, கல்லைப் பார்க்க, ஓரக்கண்ணால் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க, சேற்றைக் குனிந்து பார்க்க. தூங்கும் தலை மூன்றும் ஏற்கெனவே இருந்தன. புதிதாக ஒன்பது. நல்ல நேரம் பார்த்து, பால் வைத்து, ஒன்பதுக்கும் ஒரே காலையில் கண் திறந்தார். நான் பிரஷ் கழுவிக் கொடுத்தேன். நான் வைத்த இரண்டு புள்ளியைச் சுரண்டி எடுக்கும் வேலையும் எனக்கே வந்தது.

6. கொட்டகையில்

இரண்டாம் ரோலில் சண்டையைப் புதிதாக எடுத்தோம். முதல் ரோலைத் தூக்கி எறியவில்லை. அதிலிருந்து பத்து விநாடி வெட்டி முன்னால் ஒட்டினோம். முதலாளி கேட்ட கேள்விக்குப் படத்திலேயே பதில் இருக்கட்டும் என்றுதான்.

பின்னாலிருந்து போட்டால் கொட்டகைத் திரைக்கு எங்கள் புரொஜக்டர் எட்டாது. ஆகவே தரை டிக்கெட் நடுவில், மணலில் ஸ்டூல் போட்டு வைத்தேன். இடைவேளையில் விளக்கை அணைத்தார்கள். திரை நடுவில் ஜமுக்காளம் அளவுக்குப் படம். கற்காலக் குடும்பம் கண்ணை மூடிக்கொண்டு நடந்தது. ஒருவன் கத்தினான்: "எந்திரிங்கப்பா, பொழுது விடிஞ்சு போச்சு."

அந்த நிமிஷம் கண்கள் திறந்தன.

முறுக்கு விற்பவன்கூட நின்றுவிட்டான். அப்பா கல்லைப் பார்த்தார். பிறகு, கை கால் எதுவும் அசையாமல், ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதல் சிரிப்பு வந்தது. அம்மா திரும்ப ஓரக்கண்ணால் பார்த்தபோது பெஞ்சு டிக்கெட்டும் சேர்ந்துகொண்டது. கல் சேற்றில் முழுகி, மூவரும் குனிந்து பார்த்தபோது சிரிப்பில் எனக்குப் புரொஜக்டர் சத்தமே கேட்கவில்லை.

அக்காவைத் தேடினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி உட்கார்ந்து ஜனங்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நாகப்பட்டினத்து ஆள் வந்தபோது முதலாளி தலை நிமிராமல் கேமரா ரிப்பேரில் இருக்கிறது என்றார். அது வந்தவரின் கண்ணெதிரே மேஜைமேல்தான் இருந்தது.

7. இனி

இந்த வேலையில் இறங்க நினைக்கும் நண்பர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். பொம்மை அசைந்தால் ஜனம் ஆச்சரியப்படும், அவ்வளவுதான். சிரிக்க வேண்டுமானால் முதலில் கண் நகர வேண்டும், பிறகு தலை, பிறகுதான் கை. ஒரு ரோலைப் பாழாக்கி நான் வாங்கிய பாடம் இது.

படம் முடிந்து வெளியே வரும்போது ஒரு சின்னப் பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்து, அந்தக் கல் உள்ளே போய் என்ன செய்கிறது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அதே நினைப்பு. சேற்றுக்கு அடியில் என்ன இருக்கும்? நண்டு, நத்தை, வேர், பழைய ஓடம்? ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கியிருக்கிறேன். அதில் சேற்றை அடுக்கடுக்காகப் போட்டுப் பக்கவாட்டில் எடுக்கப் போகிறேன். கண்ணாடியில் பல்பு வெளிச்சம் அடிப்பதை எப்படித் தவிர்ப்பதென்று இன்னும் பிடிபடவில்லை. அடுத்த படத்தில் அந்தக் கல்தான் முக்கிய ஆள்.

அஞ்சலை அக்காவிடம் ஜல்லியை நீட்டி, இதற்குக் கண் வைக்கலாமா என்று கேட்டேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு வேலை முடிஞ்சுடுச்சா?"

முழுகித்தான் போய்விட்டதே என்றேன்.

"முழுகினா முடிஞ்சதா?" என்று கேட்டுவிட்டு, கல்லை என் கையிலேயே திருப்பி வைத்தார். "மொதல்ல அடியில போயி என்னா செய்யுதுன்னு எடு. அப்புறம் பாப்போம்."

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்குத் தொட்டியில் சேறு நிரப்புகிறோம்.