மிஸ்ஸிக்குப் பார்த்துக் கொடுத்த மோட்டார் சைக்கிள்

மிஸ்ஸியின் ஸ்கூட்டர் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினால், பின்சில்லில் மட்காட் உரசும் சத்தம் அவருக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும். அன்று அந்தச் சத்தம் கேட்கவில்லை. நேரமாகிறதே என்று படலையைத் திறந்து எட்டிப் பார்த்தபோது, அவர் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வெயிலில் நடந்து வந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சீருடை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. பின்பக்கச் சொக் அப்சோபர் முறிந்து இருக்கை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. இரண்டு மைல் உருட்டி வந்திருக்கிறார். தண்ணீர் கூடக் கேட்காமல் நேரே உள்ளே போய் என் மனைவியின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகுதான் கதிரையில் இருந்தார்.

மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிட்டது எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மருத்துவமாதுவை. கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும், பிறந்த பிள்ளைகளை நிறுத்து அட்டையில் பதிவதும் அவருடைய வேலை. புங்குடுதீவில், இறுப்பிட்டியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் உள்ள வீடுகள் எல்லாம் அவருக்குக் கீழேதான். வாரத்தில் சில நாட்கள் கடலைக் கடந்து வேலணைப் பக்கமும் போகவேண்டும். நல்ல உயரம், ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு. உயரத்துக்கேற்ற பருமனும் இருந்தது. அந்தச் சின்ன ஸ்கூட்டரில் அவர் இருந்தால் முழங்கால்கள் ஹாண்டிலுக்கு மேலே தெரியும். கடைத்தெருவில் சிலர் சிரிப்பார்கள். அவர் அதைக் காணாதவர் போல ஓட்டிக்கொண்டு போவார்.

என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முந்திய பிள்ளை ஏழாம் மாதத்தில் எங்களுக்கு இல்லாமல் போனது. அந்த நாட்களில் உறவினர்கள் கூட என்ன சொல்வது என்று தெரியாமல் தூர நின்றபோது, மிஸ்ஸி மட்டும் ஒருநாள் விடாமல் வந்து மனைவியின் பக்கத்தில் பேசாமல் இருந்துவிட்டுப் போனார். ஆகவே அவர் அன்று, "தம்பி, எனக்கு அளவான ஒரு பழைய மோட்டச்சைக்கிள் பாத்துத் தாரும். உமக்குத்தான் அதுகள் தெரியும்," என்று கேட்டபோது, அது எனக்குக் கிடைத்த பேறு என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கராச்சில் வேலை செய்தவன் நான். பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தாலும், ஊரில் யாரும் பழைய வண்டி வாங்குவதென்றால் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

வெளிநாட்டு வாகனங்கள் நாட்டுக்குள் வருவது நின்றிருந்த வருடங்கள் அவை. ஓடித் தேய்ந்த வண்டிக்கே புதுவண்டியின் விலை சொன்னார்கள். மிஸ்ஸியின் கைக்கு எட்டுகிற விலையில் கிடைத்தவை எல்லாம் சிறியவை. நான் அவருடைய அளவுகளைக் கேட்கத் தயங்கினேன். அவர் தயங்கவில்லை.

"நூற்றிப் பதினெட்டுக் கிலோ. நாள் முழுக்க மற்றவையை நிறுக்கிறனான், என்ர நிறையைச் சொல்ல எனக்கென்ன வெக்கம்," என்றார்.

அந்த நிறைக்கு நூறு சீசீ வண்டி மூச்சு வாங்கும். பின்னுக்கு இரண்டு சொக் அப்சோபரும் விறைப்பாக இருக்கவேண்டும். கம்பிச் சில்லு என்றால் கம்பிகள் ஒவ்வொன்றாக அறும், ஆகவே வார்ப்புச் சில்லுதான் நல்லது. ஹாண்டிலை முழுதாகத் திருப்பும்போது முழங்காலில் இடிக்கக் கூடாது. முன்பிறேக் தட்டுப் பிறேக்காக இருக்கவேண்டும், பாரம் கூடிய வண்டியை நிறுத்துவதுதான் ஓட்டுவதைவிடக் கஷ்டம். இவற்றையெல்லாம் மனதில் வைத்து ஆறு கிழமை தேடினேன். ஊர்காவற்றுறையில் பார்த்த ஒன்றில் மிஸ்ஸி ஏறி இருந்ததும் பின்பக்கம் தரையைத் தொடுகிற அளவுக்கு அமிழ்ந்தது. வேலணையில் பார்த்த இன்னொன்றில் திருப்பத்தில் முழங்கால் முட்டியது. விற்க இருந்தவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். மிஸ்ஸி நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்.

நாரந்தனையில் கண்ட மூன்றாவது வண்டி நூற்றி ஐம்பது சீசீ. வெளிநாடு போன தமையனுடைய வண்டி என்று ஓர் இளைஞன் விற்றான். விலையும் சரியாக இருந்தது. மிஸ்ஸி ஏறி இருந்தார். இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படிந்தன. ஹாண்டில் இரண்டு பக்கமும் தடையில்லாமல் திரும்பியது. வளவுக்குள் ஒரு வட்டம் ஓடிவிட்டு வந்து நின்றபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. தன் உடம்புக்குப் பொருந்திய ஒன்று கடைசியில் கிடைத்துவிட்டது என்கிற சிரிப்பு அது.

இயந்திரம், சங்கிலி, ரயர், பிறேக் எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன். பெற்றோல் தாங்கிக்குக் கீழே, முன்பக்கத்தில், வண்டியின் இரும்புச் சட்டம் ஹாண்டிலோடு சேரும் இடத்தைக் கழுத்து என்போம். வண்டியின் உயிர் அதில்தான் இருக்கிறது. அந்தக் கழுத்தில் மட்டும் கறுப்புப் பூச்சு மற்ற இடங்களைவிடப் பளபளப்பாக இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கடற்காற்றுக்குக் கறள் பிடித்தது, அதனால் பூசினது என்றான் இளைஞன். எங்கள் தீவுகளில் அது நம்பக்கூடிய பதில்தான். ஆனால் கராச்சில் வேலை செய்த ஒருவன் பூச்சுக்குக் கீழே உருக்கி ஒட்டிய முறிவு இருக்கிறதா என்று தாங்கியைக் கழற்றிப் பார்க்காமல் வரமாட்டான். எனக்கு அது தெரியும். கழற்ற அரை மணித்தியாலம் போதும். நான் கழற்றவில்லை. ஆறு கிழமை அலைந்த களைப்பு ஒரு பக்கம். மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்துவிட்டு, இதுவும் வேண்டாம், இறங்குங்கள் என்று சொல்ல எனக்கு ஏலாமல் போனது இன்னொரு பக்கம். நல்ல வண்டி என்று சொன்னேன்.

அடுத்த நாள் காலையிலேயே பயம் தொடங்கிவிட்டது. புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் இடையில் கடலுக்குள்ளால் நீளத் தெரு ஒன்று போகிறது. நாங்கள் அதைப் பாலம் என்போம். சோழகக் காற்று வீசும் மாதங்களில் அதில் வண்டி ஓடுவதென்றால் காற்றுக்கு எதிராக உடம்பைச் சரித்துப் பிடிக்கவேண்டும். கிளினிக் நாட்களில் மிஸ்ஸி அதன் வழியாகத்தான் போய்த் திரும்புவார். நான் சங்கத்தில் இருந்து பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டிருப்பேன். கை எழுதும், மனம் பாலத்தில் நிற்கும். கழுத்து ஒட்டப்பட்டதாக இருந்தால், அந்த நிறையோடு ஒரு குழிக்குள் முன்சில்லு விழுந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். கராச்சில் அப்படி வந்த வண்டி ஒன்றைக் கண்டிருக்கிறேன், அதை ஓட்டியவரைக் காணவில்லை. பின்னேரம் அவருடைய வண்டிச் சத்தம் ஒழுங்கையில் கேட்டால் பயம் இறங்கும். மறுநாள் மறுபடி ஏறும். அது வெறும் கறளாகத்தான் இருக்கும் என்று நூறு தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு சொல் சொன்னால் முடிந்திருக்கும். ஆனால் சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே. அந்தக் கேள்விக்குப் பயந்து ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போட்டேன். தள்ளத் தள்ளச் சொல்வது இன்னும் கஷ்டமானது.

மூன்றாவது கிழமை, மனைவியைப் பார்க்க வந்த இடத்தில் மிஸ்ஸி சாதாரணமாகச் சொன்னார், வண்டி கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறதாம், தெருவின் பிழையாக இருக்கும் என்று. ரயரில் காற்றுக் குறைவாக இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றேன். அப்போதும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் அந்த வியாழக்கிழமை வந்தது. மனைவிக்கு எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. காலையில் முகம் சற்று வீங்கியிருந்தது, தலையிடி என்றாள். நான் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டேன். மிஸ்ஸி வந்து பிறசர் பார்த்தார், சிறிது நேரம் விட்டு மறுபடியும் பார்த்தார். கூடத்தான் இருக்கிறது, பதற வேண்டாம், ஆனால் இப்போதே டொக்டர் பார்க்கவேண்டும் என்றார். பஸ் போய்விட்டிருந்தது. பக்கத்து ஓட்டோக்காரரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. என்னுடைய மோட்டார் சைக்கிளை முதல் பிள்ளை இல்லாமல் போன வருடமே விற்றிருந்தேன். எங்கள் தீவு ஆஸ்பத்திரி இரண்டு மைல். மெதுவாகத் தானே கொண்டுபோய் விடுவதாகவும், அங்கிருந்து அம்புலன்சில் யாழ்ப்பாணம் அனுப்பலாம் என்றும் சொல்லி மிஸ்ஸி வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். மனைவி ஒரு கையை அவருடைய தோளில் வைத்தபடி ஏறப் போனாள்.

"ஏறாதை," என்று கத்தினேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வண்டியின் கழுத்தில் ஒட்டு இருக்கலாம், முறியலாம் என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

"எப்ப தொடக்கம் உமக்கு இந்தச் சந்தேகம்?" என்று கேட்டார் மிஸ்ஸி.

"வாங்கின அண்டு தொடக்கம்."

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். வண்டியை ஸ்டாண்டில் விட்டார். என் மனைவியின் கையைப் பிடித்து மெதுவாகக் கதிரைக்குக் கூட்டிப்போய் இடப்பக்கமாகச் சாய்த்து இருத்தினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, சந்திக்கு ஓடிப் போய் என்ன வாகனம் கிடைத்தாலும் கூட்டி வரச் சொன்னார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். சந்திக்குப் போகிற வழி முழுக்க என் தலைக்குள் மனைவியின் பயத்தோடு இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று கிழமையாக மிஸ்ஸி தனியே அந்த வண்டியில் பாலத்தைக் கடந்தபோது எனக்கு வாய் வரவில்லை. என் மனைவி ஏறக் கால் தூக்கியதும் வந்துவிட்டது. இது எனக்கு விளங்கியது போலவே மிஸ்ஸிக்கும் விளங்கியிருக்கும். அவர் ஒரு கேள்விக்கு மேல் கேட்காததிலேயே அது தெரிந்தது.

ஓட்டோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு திரும்ப அரை மணித்தியாலம் ஆனது. மிஸ்ஸி கூடவே ஏறி வந்தார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு யாழ்ப்பாணம் அனுப்பினார்கள். மனைவியை அங்கே வாட்டில் மறித்து வைத்துப் பார்த்து, மூன்று கிழமைக்குப் பிறகு மகன் பிறந்தான். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை.

மனைவியை மறித்து வைத்த நாலாம் நாள் உடுப்பெடுக்க வீட்டுக்கு வந்தபோது, முற்றத்தில் நின்ற அந்த வண்டியின் தாங்கியைக் கழற்றினேன். கறுப்புப் பூச்சுக்குக் கீழே, கழுத்தின் பாதியைச் சுற்றி ஒட்டு இருந்தது. ஒட்டின் ஓரமாகத் தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு. அதன் வழியே கறள் கசிந்திருந்தது. மிஸ்ஸியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதில நான் பாலத்தால எத்தினை தரம் போய் வந்தனான்," என்றார்.

விற்ற இளைஞன் தமையனைத்தான் கேட்கவேண்டும் என்றான். தமையன் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்த வண்டியை வாங்கிக்கொள்ள ஊர்காவற்றுறையில் ஒருவர் ஆயத்தமாக இருந்தார், விபரம் கேட்கவும் இல்லை. மிஸ்ஸி கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். சட்டத்தை இரண்டாக அறுக்கச் செய்து, மிச்சத்தைப் பாகங்களாகக் கொடுத்தார். அதன்பின் இரண்டு மாதம் அவர் பஸ்ஸிலும் நடையிலும் வீடுகளுக்குப் போனார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். பிள்ளையைத் தூக்கினார், மனைவியோடு சிரித்துக் கதைத்தார். என்னோடும் கதைத்தார், ஆனால் தேவையானதை மட்டும். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

நான் மறுபடி தேடினேன். அவர் கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. வேலணையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கண்பார்வை குறைந்ததால் ஓடாமல் வைத்திருந்த வண்டி ஒன்று அகப்பட்டது. முன்னையதைவிடப் பழையது, நிறமும் போயிருந்தது. மிஸ்ஸியைக் கூட்டிப் போனேன். தாங்கியைக் கழற்றவேண்டும் என்றதும் ஆசிரியருக்கு முகம் கறுத்தது. தன்னில் நம்பிக்கை இல்லையா என்று கேட்டார். மன்னியுங்கள் ஐயா, கழற்றாமல் ஏலாது என்றேன். கழுத்தைத் துணியால் துடைத்து, விரலால் தடவி, டோர்ச் அடித்துப் பார்த்தேன். பிறகு முன்சில்லைத் தாங்கும் கவர்களையும் பின்சட்டத்தையும் நூல் பிடித்துப் பார்த்தேன். மிஸ்ஸி வேப்பமர நிழலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி முடித்துவிட்டு நான் நிமிர்ந்தபோது பக்கத்தில் வந்தார்.

"தம்பி, இதில உம்மட மனுசியையும் பிள்ளையையும் ஏத்துவீரோ?"

இன்னொரு தடவை வண்டியைச் சுற்றி வந்தேன்.

"ஓம் மிஸ்ஸி, ஏத்துவன்."

"அப்ப நானும் ஏறலாம்," என்றுவிட்டு அவர் காலைத் தூக்கிப் போட்டு ஏறினார்.

அந்தக் கணக்கு அன்றோடு தீர்ந்தது என்று மனைவி சொல்கிறாள். அவளுக்கும் மிஸ்ஸிக்கும் இடையில் ஒரு நாளும் மனக்கசப்பு இருந்ததில்லை. மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மிஸ்ஸி வேலணைப் பக்கம் மாற்றம் பெற்றுவிட்டார், ஆனால் வீடு இன்னும் எங்கள் தீவில்தான். காலையில் நான் வேலணைக்கு வேலைக்குப் போகிற பஸ் சில நாட்களில் பாலத்தில் அவரைத் தாண்டிப் போகும். காற்றுக்குச் சற்றே சரிந்து, நிமிர்ந்த முதுகோடு, அளவான வேகத்தில் அவர் ஓடிக்கொண்டிருப்பார். பஸ்ஸில் நான் இருப்பது அவருக்குத் தெரியும், திரும்பாமலே ஒரு கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். அந்த வண்டியில் ஒரு பிழையும் இல்லை, அதை என் கையாலேயே கழற்றிப் பார்த்தவன் நான். அப்படியிருந்தும், பஸ் அவரைத் தாண்டுகிற அந்தச் சில நொடிகளில் என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடிவதில்லை. முன்சில்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.