ஏச்சு வாங்கிய புத்தகம்

கொழும்பில் தமிழ்ப் புத்தகம் ஒன்று வெளியாகும் அன்றைக்கே அதன் ஆயுள் முடிந்துவிடும். மண்டபம், மங்கள விளக்கு, ஆசியுரை, வாழ்த்துரை, நயவுரை. முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று வரிசையில் வந்து வாங்கிப் படமெடுப்பார்கள். வடையும் தேநீரும் முடிந்தால் மண்டபம் காலி. என் முதல் நாவலுக்குக் கொட்டாஞ்சேனையில் நடந்த விழாவில் பேசியவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். கதையில் வரும் பெண் யார், என்ன செய்கிறாள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வாசித்திருந்தால்தானே!

மிச்சப் பிரதிகளை வெள்ளவத்தையில், காலி வீதியில் புத்தகக்கடை வைத்திருக்கும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரிடம் போட்டேன். அலுவலகம் விட்டு வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். "புள்ள, நீங்க வந்து வந்து பாக்குறதால அது குட்டி போடாது" என்பார்.

நாவல் எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுச் சம்பந்தம் வந்தால் விசாரிப்பு நடக்கும். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் அயலவர் ஒருவருடைய இலக்கத்தை எப்படியோ தேடிப் பிடித்து, பக்குவமாகக் கேட்பார்கள்: பிள்ளை எப்படி, முன்னம் ஏதும் இருந்ததா? என் நாவலில் வரும் பெண்ணுக்கு முன்னமே பதிவுத் திருமணம் நடந்திருக்கிறது. கட்டியவன் வெளிநாடு போகிறான். அவளுக்கு விசா வரவில்லை, பிறகு அவனிடமிருந்து பேச்சே வரவில்லை. ஒரு நாள்கூடச் சேர்ந்து வாழாமல் விவாகரத்து. அதை மறைத்து, விசாரிப்புக்குப் பதில் சொல்கிற அயல்வீட்டு அம்மாவின் கதை அது. முழுக்க நான் உட்கார்ந்து யோசித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் விமர்சனம் வந்தது. எழுதியவர் கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் வாசித்திருந்தார், கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்திருந்தார். கலியாணமாகாத பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் இந்த நஞ்சை விடாதீர்கள் என்று தொடங்கி, எங்கள் சமூகத்தையே நடுவீதியில் நிறுத்திவிட்டேன் என்று பொரிந்து தள்ளியிருந்தார். ஆதாரத்துக்கு, ஆக மோசமான பக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். புகழ்ந்தவர்கள் ஒரு தகவலும் தரவில்லை. ஏசியவர் பக்க எண் தந்தார்.

அம்மா பத்திரிகையை மடித்து மெத்தைக்குக் கீழே ஒளித்தார். நான் மறுநாள் காலை கடைக்கு ஓடினேன்.

"வாங்க, வாங்க! ஏச்சு வாங்கின புத்தகம் ஈக்கா எண்டு விடியத்திலேருந்து கேட்டு வாராங்க. புத்தகத்துட பேரு ஒருத்தருக்கும் தெரியா. ஏச்சு மட்டும் தெரியுது."

நானா என் புத்தகங்களை அலுமாரியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றி, மேசைக்குக் கீழே வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"கண்ணுக்கு முன்னால வெச்சா பாத்துட்டுப் போவாங்க. ஒளிச்சு வெச்சா வாங்கிட்டுப் போவாங்க."

அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு தண்ணீர் தேவைப்படவில்லை. பேருந்தில் ஒருத்தி கைப்பைக்குள் மறைத்து வைத்து என் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். கொள்ளுப்பிட்டியில் இறங்க வேண்டிய நான், அவள் எந்த இடத்தில் சிரிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே கோட்டைவரை போய்விட்டேன். அவள் சிரிக்கவேயில்லை. எதையோ தேடுகிறவள் மாதிரிப் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் என்ன தேடினாள் என்பது எங்கள் மாடிக் கட்டடத்து லிஃப்டில் விளங்கியது. மேல் மாடி அன்ரி என் கையைப் பிடித்தார்.

"ஆர் பிள்ளை அது?"

"ஒருத்தருமில்லை அன்ரி. கற்பனை."

"எங்களுக்கும் கற்பனையே? எங்கட மூண்டாம் மாடிப் பிள்ளைதானே!"

மூன்றாம் மாடியில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்யும் அக்கா ஒருவர் தாயோடு இருந்தார். கண்டால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். அவருக்குக் கனடாச் சம்பந்தம் ஒன்று சாதகம் பொருந்தி நிற்பதை அன்ரி சொல்லித்தான் அறிந்தேன். மற்றதையும் அவரே சொன்னார்.

"யாழ்ப்பாணத்தில இருக்கேக்க அவவுக்கு ஒருக்கா கலியாண எழுத்து நடந்து, பிரிஞ்சது. கனடா ஆக்களுக்கு இன்னும் சொல்லேல்லயாம். நீர் தெரியாமலே எழுதினீர்?"

லிஃப்ட் கதவு என் மாடியில் திறந்து, மூடி, என்னை மேலே கொண்டுபோனது. நான் யோசித்துக் கண்டுபிடித்த கதை, என் கட்டிலுக்குக் கீழே இருந்த வீட்டில் முன்னமே நடந்து முடிந்திருந்தது.

இது கற்பனை, யாரையும் குறிக்கவில்லை என்று முகநூலில் போட்டேன். கீழே முதல் ஆள் எழுதியிருந்தார்: 'அப்ப உண்மைதான்.' நானாவிடம் போய், விற்க வேண்டாம் என்றேன். "இப்ப நிப்பாட்டினா தடை செஞ்சிட்டாங்க எண்டு கதை போகும், புள்ள. பொறகு போட்டோக்கொப்பி அடிப்பாங்க" என்றார். கடைசியாகக் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன்.

விமர்சனம் எழுதிய ஆசிரியர் நேரில் கோபக்காரராகத் தெரியவில்லை. கதிரை தந்தார், பிளேன்டீ வந்தது.

"முதல் பதிப்பு முடியப் போகுதாமே. ஏசினவனுக்கு ஒரு நன்றியும் இல்லையா, மகள்?"

"சேர், இது கற்பனை எண்டு உங்கட கையால ஒரு வரி எழுதுவீங்களா? ஒரு பிள்ளையிட வாழ்க்கை சேர்."

"எழுதலாம், எழுதலாம்." வாசல் கதவை ஒருதரம் பார்த்துவிட்டு, தன் கதிரையை என் பக்கம் இழுத்தார். "எனக்கு மட்டும் சொல்லுங்க. ஆர் அந்தப் பிள்ளை?"

அடுத்த ஞாயிறு அவர் எழுதினார். நூலாசிரியர் நேரில் வந்து மன்றாடினார், ஒரு பிள்ளையின் வாழ்க்கை என்றார், பொய்யென்றால் ஏன் பதறுகிறார் என்று. நானா இரண்டாம் பதிப்பு கேட்டார்.

அந்தக் கிழமை மூன்றாம் மாடி அக்கா படியில் என்னை மறித்தார்.

"ஒரு புத்தகம் தாரும். எல்லாரும் வாசிச்சிட்டினம், நான்தான் இன்னும் வாசிக்கேல்ல."

"அக்கா, சத்தியமா எனக்கு ஒண்டும் தெரியாது..."

"தெரியும், உமக்குத் தெரியாதெண்டு. உம்மோட நான் எப்ப கதைச்சனான்?" குரல் உயரவில்லை. "நாங்களே சொல்லுவம் எண்டுதான் இருந்தனாங்கள். சாதகம் பாத்து முடியட்டும், பிறகு சொல்லுவம் எண்டு அம்மா சொன்னவ. இப்ப நாங்கள் சொன்னா, புத்தகத்தில பிடிபட்ட பிறகு சொல்லினம் எண்டுவினம்." இரண்டு படி இறங்கித் திரும்பினார். "விசாரிக்க உங்கட வீட்டுக்கும் போன் எடுப்பினம். என்ன சொல்லுவீர்?"

பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் அழைப்பு வந்தது. கனடா இலக்கம். மென்மையான, அவசரமில்லாத குரல்.

"பிள்ளை, நான் மாப்பிள்ளையின்ர பெரியம்மா கதைக்கிறன். கீழ் வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஒரு சின்ன விசாரிப்பு."

இப்படிப்பட்ட உரையாடலை எத்தனை தரம் எழுதி, அடித்து, திருத்தியிருப்பேன். எங்கே மூச்சு விட வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது.

"நல்ல பிள்ளை அன்ரி. தானும் தன்ர வேலையும்."

"முன்னம் ஏதும்...?"

"எனக்குத் தெரிய ஒண்டும் இல்லை."

மறுபக்கத்தில் ஒரு சிறு சிரிப்புக் கேட்டது.

"உம்மட புத்தகத்தில அந்த அம்மாவும் இதையேதான் சொல்லுறா. கொழும்பில நிக்கிற மருமகள் எல்லாப் பக்கத்தையும் போனில படமெடுத்து அனுப்பினவ, இஞ்ச குடும்பமா இருந்து வாசிச்சனாங்கள். நல்லா எழுதியிருக்கிறீர், பிள்ளை. அச்சொட்டா."

அன்ரி, கேளுங்கோ என்று தொடங்கினேன். அழைப்பு நின்றுவிட்டது. கடல் காற்றுக்காக யன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. கீழே, மூன்றாம் மாடியில், தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.